குழாயிலிருந்து கையை எடுக்காதீங்க

பெரியவளே, சின்னவனே,

உங்கள் இருவருக்கும் அவரை ஒரே ஒரு நாள்தான் தெரியும். நம் விளாங்குடி வீட்டுக்குள் செருப்போடு ஏறி வந்து, உங்கள் கையில் இருந்த பொரியைப் பிடுங்கித் தரையில் கொட்டியவர். 'பொரிபிடுங்கி அத்தை' என்று பெயர் வைத்தீர்கள். இன்றைக்கும் ஆயுத பூசை வந்தால் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

போன வாரம் பெரியவள் கெமிஸ்ட்ரி பிராக்டிகல் முடிந்து வந்து, "எங்க மிஸ் சரியான பயந்தாங்கொள்ளிப்பா, ஒரு சொட்டு ஆசிட்டுக்குக் கண்ணாடி போடு கோட்டு போடுன்னு உயிரை வாங்குது" என்றாள். நான் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். என் வலது கை ஆள்காட்டி விரல் எப்போதும் போல மடங்காமல் தட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. அது மிஷினில் மாட்டிய விரல் என்று உங்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். உங்கள் அம்மாவுக்கு உண்மையில் பாதி தெரியும். மீதிப் பாதி யாருக்கும் தெரியாது. வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

சமயநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கல் பரிசோதனை லேபில் அப்போது எனக்கு வேலை. கிரானைட்காரர்கள் துண்டுக் கல்லைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை இடித்து, மாவாக்கி, கரைத்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இடிக்கிற மிஷினில் ஒருவர், நாங்கள் ஒருவரையொருவர் மாப்ள என்போம். எடுபிடி வேலை எல்லாம் என்னுடையது. கரைக்கிற வேலை, நீங்கள் பொரிபிடுங்கி அத்தை என்கிறவருடையது. நாங்கள் எல்லோரும் அவரை மேடம் என்போம். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். ஒல்லியாக இருப்பார். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலிக்குக் களையெடுத்து எம்.எஸ்ஸி. வரை படிக்க வைத்த பிள்ளை. மருந்து அலமாரிச் சாவி அவர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும்.

நான் சேர்ந்த முதல் வாரம் கூப்பிட்டார். "அண்ணே, கொஞ்சம் வாங்க. அந்தக் குழாய்கிட்ட நில்லுங்க."

உள் அறையில் கண்ணாடி போட்ட கூண்டு ஒன்று இருந்தது. மருந்து ஊற்றும்போது கிளம்புகிற புகையை மேலே காற்றாடி இழுத்து வெளியே தள்ளிவிடும். அந்த அறை வாசலை ஒட்டித்தான் குழாய்.

"தண்ணி வருதா பாருங்க."

"வருது மேடம்."

"சரி, நிப்பாட்டுங்க. ஆனா குழாயில இருந்து கையை எடுக்காதீங்க. நான் வெளிய வர்ற வரைக்கும்."

முழங்கை வரை கையுறை, முகத்துக்கு மூடி, மார்புக்கு ரப்பர் துணி எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. கொசு கடித்தது. கையை எடுத்துக் காலைச் சொறிந்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு வேலை பார்த்தவர் திரும்பாமலே சொன்னார்: "அண்ணே, கை. இன்னொரு கையால சொறிங்க."

எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

வெளியே வந்தால் மாப்ள கேலி செய்தார். "என்ன மாப்ள, குழாய்க்குக் காவலா? எவனும் தூக்கிட்டுப் போயிருவாய்ங்களோ?"

எனக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அப்படி அந்த மருந்தில் என்னதான் இருக்கிறது என்று மேடத்திடமே கேட்டேன். அலமாரியைத் திறந்து, தள்ளி நின்றபடி, ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலைக் காட்டினார். ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் என்று பெயர். லேபில் எச்.எஃப். என்பார்கள்.

"உள்ள இருக்கிறது பார்க்க எப்படி இருக்கும் தெரியுமா? தண்ணி மாதிரி இருக்கும். அதுதாண்ணே எனக்குப் பயம். மத்த ஆசிட்டெல்லாம் பட்ட உடனே சுட்டுச் சொல்லிரும். நம்ம ஓடிப் போய்க் கழுவிருவோம். இது பல நேரம் சொல்லாது. தோலுக்குள்ள பைய இறங்கி, எலும்புல இருக்கிற சுண்ணாம்புச் சத்தைத் தேடிப் போகும். வீட்டுக்குப் போய் டீ குடிச்சிட்டு உக்காந்திருக்கும்போதுதான் வலிக்கும். அப்ப எங்க பட்டது எப்பப் பட்டதுன்னே ஞாபகம் வராது. நிறையப் பட்டுச்சுன்னா ரத்தத்துல இருக்கிற சுண்ணாம்பையும் எடுத்துரும். இதயம் நின்னுரும்."

பிறகு சொன்னார்: "கல்லையே கரைக்குது. நம்ம எலும்பு எம்மாத்திரம்?"

அதைக் கண்ணாடிப் பாட்டிலில் வைக்கக் கூடாது. கண்ணாடியைத் தின்றுவிடும். ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துக் காட்டினார். முன்பு யாரோ தெரியாமல் ஒரு சொட்டு விட்டிருக்கிறார்கள். அந்த இடம் மட்டும் வெளுத்துச் சொரசொரவென்று இருந்தது. கூண்டின் கண்ணாடியும் அப்படித்தான். வருசக்கணக்கில் புகை பட்டுப் பட்டுப் பால் நிறமாகி, அந்தப் பக்கம் இருப்பது தெரியாது. அந்த அறைக்குள் தனியாகக் கூட்டப் போகும்போதெல்லாம், கண்ணாடிக்குப் பின்னால் யாரோ நின்று மூச்சு விட்டுக்கொண்டிருப்பது போல எனக்கு இருக்கும். விளக்குமாற்றை வேகவேகமாகப் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

அன்றிலிருந்து எனக்கும் பயம் வந்துவிட்டது. ஆனால் அவர் பயமும் என் பயமும் ஒன்று இல்லை. அவர் பயந்தால் கையுறையை ஊதிப் பார்ப்பார். நான் பயந்தால் சாமி கும்பிடுவேன்.

கையுறையை ஊதுவது நிஜம். ஒவ்வொரு தடவையும் மாட்டுவதற்கு முன்னால் பலூன் மாதிரி காற்றடைத்து, வாயை முறுக்கிப் பிடித்து, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு விரலாக அமுக்குவார். ஊசி முனை ஓட்டை இருந்தாலும் கன்னத்தில் காற்றுப் படும். "என்ன மேடம், இன்னிக்கு யாருக்குப் பிறந்த நாள்?" என்பார் மாப்ள. "எனக்குத்தாண்ணே, தினமும் பிறந்த நாள்தான்" என்று சிரிக்காமல் சொல்வார். ஓட்டை இருந்தால் கத்தரியால் இரண்டாக வெட்டித்தான் குப்பையில் போடுவார். முழுதாகப் போட்டால் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்களாம்.

காலையில் வந்ததும் முதல் வேலை, வாசல் குழாயைத் திறந்து விடுவது. எங்கள் பக்கம் உப்புத் தண்ணீர். இரண்டு வாரம் திறக்காமல் விட்டால் குழாய் இறுகிவிடும். சாயங்காலம் கடைசி வேலை, வாசலில் நின்று எல்லோருடைய கையையும் பார்ப்பது. ஓனர் சாரைக்கூட விட மாட்டார். "கை காட்டுங்கண்ணே." இரண்டு கையையும் நீட்ட வேண்டும், திருப்பிக் காட்ட வேண்டும். "விரல் நுனி எங்கயாச்சும் காந்துதா? மதமதன்னு இருக்கா?" இல்லை என்ற பிறகுதான் விடுவார். சின்னப் பிள்ளைகளுக்கு நகம் பார்ப்பது மாதிரி இருக்கும்.

எச்.எஃப். பட்டால் போடுகிற ஒரு களிம்பு உண்டு. சுண்ணாம்புச் சத்து சேர்த்த களிம்பு. ஆசிட் நம் எலும்பைத் தேடிப் போவதற்கு முன் அந்தக் களிம்பில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு அடங்கிவிடும் என்பார். லேப் பிரிட்ஜில் ஒரு டியூப், சாப்பாட்டுப் பையில் ஒன்று, ஸ்கூட்டி டிக்கியில் ஒன்று. ஸ்கூட்டியில் எதற்கு என்று கேட்டதற்கு, "இது வலிக்கிறது வீட்டுலதானண்ணே" என்றார்.

இப்படி ஒரு பயம் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் கூட இருந்த ஒரு அக்கா மேல் கொஞ்சம் தெறித்ததாம். "வலிக்கல, சாப்பிட்டு வந்து கழுவிக்கிறேன்னு போனாங்க" என்றார். தன் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

வண்டி ஓட்டவும் அவருக்குப் பயம். கோரிப்பாளையம் சிக்னலில் பச்சை விழுந்தாலும் கிளம்ப மாட்டாராம். இரண்டு பச்சையை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் வருவாராம். "பின்னாடி நிக்கிற லாரிக்காரர் மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுல்ல." ஆனால் ஒரு நாள் வயல் பக்கமிருந்து லேபுக்குள் பெரிய சாரைப்பாம்பு ஒன்று புகுந்துவிட்டது. நானும் மாப்ளயும் மேசை மேல் ஏறிவிட்டோம். அவர்தான் ஒட்டடைக் கம்பை எடுத்துப் பைய நெட்டித் தள்ளி வெளியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். மாப்ளைக்கு மானம் போய்விட்டது. "உங்களுக்குப் பாம்புக்குப் பயம் இல்லையா மேடம்?" என்று கேட்டார். "அதான் கண்ணுக்குத் தெரியுதேண்ணே" என்றார்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

ஆயுத பூசைக்கு முந்தின நாளே லேபில் பூசை போட்டுவிடுவோம். எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்க வேண்டும். இடிக்கிற மிஷின், எடை பார்க்கிற தராசு, அடுப்பு, கம்ப்யூட்டர், மருந்துப் பாட்டில்கள், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். ஓனர் சார் துடைப்பதற்கென்று புதுத் துண்டுகள் வாங்கிக் கொடுத்திருந்தார். காலையில் மேடம் அந்த மருந்து அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"இதுல இருக்கிறதை மட்டும் யாரும் தொட வேணாம். தொடைக்கவும் வேணாம், பொட்டும் வேணாம்."

"சாமி குத்தம் ஆயிரப் போகுது மேடம்" என்றார் மாப்ள.

"ஆகட்டும். சாமிக்கிட்ட நான் பேசிக்கிறேன்."

மாப்ள சிரித்தார். நான் தலையாட்டினேன். பிள்ளைகளே, நான் தலையாட்டினேன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் அலமாரித் தட்டைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது ஓனர் சார் வீட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். விருந்தாளிகளுக்கு லேபைச் சுற்றிக் காட்டச் சொல்லி அவரை முன்பக்கம் கூப்பிட்டார்கள். அலமாரிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். பூட்டவில்லை. நான் பார்த்து அவர் அந்த அலமாரியைப் பூட்டாமல் விட்டது அன்று ஒரு நாள்தான்.

நான் சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். அறையில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. ஒன்றும் செய்யாத தண்ணீர்ப் பாட்டிலுக்குக்கூட வைத்தாகிவிட்டது. இருப்பதிலேயே பொல்லாதது அதுதான். அதற்கு மட்டும் இல்லை. இதை இப்படி விட்டால் கோபித்துக்கொள்ளும், இந்த வருசம் யாரையாவது பிடித்துக்கொள்ளும் என்று தோன்றிவிட்டது. நான் துணிச்சலில் அதைத் தொடவில்லை. பயத்தில் தொட்டேன்.

பாட்டிலை எடுத்தேன். மூடிக்குக் கீழே தூசி மாதிரி இருந்தது. சந்தனக் கையோடு ஈரத் துண்டின் ஒரு முனையைப் பிடித்துச் சுற்றித் துடைத்தேன். மூடி இடுக்கில் கொஞ்சம் ஈரம் இருந்தது. என் துண்டின் ஈரம் என்று நினைத்துக்கொண்டேன். கையுறை போடவில்லை. பொட்டு வைக்க யாராவது கையுறை போடுவார்களா? ஆள்காட்டி விரலால் சந்தனம் வைத்தேன், மேலே குங்குமம் வைத்தேன். கும்பிட்டு, "யாரையும் ஒண்ணும் செஞ்சிராத" என்று அதனிடமே சொன்னேன். எடுத்த இடத்தில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். மனசு லேசாகிவிட்டது.

பூசை முடிந்து பொரி, கடலை, நாட்டுச் சர்க்கரை கலந்து ஆளுக்கு ஒரு கவர் கொடுத்தார்கள். என் கவர் அடியில் கிழிந்து பொரி கொட்டியது. கையில் வேறு கவர் இல்லை. துடைத்துவிட்டுத் தோளில் போட்டிருந்த துண்டு பார்க்கப் புதுத் துண்டாகத்தான் இருந்தது, காய்ந்தும் போயிருந்தது. அதிலேயே கொட்டி முடிந்துகொண்டேன். அவர் இன்னும் விருந்தாளிகளோடு இருந்தார். வாசலில் கை பார்க்க ஆள் இல்லை. உங்களுக்குப் பொரி கொண்டு போகிற அவசரத்தில் கிளம்பிவிட்டேன்.

பரவை தாண்டும்போது விரல் நுனி லேசாகக் காந்தியது. மிளகாய் நறுக்கிய கை மாதிரி. விளாங்குடியில் பூவும் வாழையிலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முடிச்சை உங்களிடம் கொடுத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினேன். போன் பாக்கெட்டில் சத்தம் இல்லாமல் கிடந்தது. அவர் ஒன்பது தடவை கூப்பிட்டிருந்தார் என்று பிறகுதான் பார்த்தேன்.

அதற்குள் அவர் அலமாரியைப் பூட்டப் போய், பாட்டில் மேல் சந்தனத்தைப் பார்த்திருக்கிறார். துண்டு எங்கே என்று தேடியிருக்கிறார். "அதுலதான் பொரியை முடிஞ்சிட்டுப் போனாப்ல" என்று சொல்லி, நம் வீட்டுக்கு வழியும் மாப்ள சொல்லியிருக்கிறார். மூன்றாவது பச்சைக்குக் காத்திருக்கிற அந்தப் பெண், திண்டுக்கல் ரோட்டில் எதிர்ப்பக்கமாகவே வண்டியை விட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

நான் பார்க்கும்போது வாசலில் ஸ்கூட்டி சாய்ந்து கிடந்தது, சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே இருந்தார். பெரியவளே, உனக்கு ஆறு வயது. கை நிறையப் பொரியோடு வாயைத் திறந்துகொண்டிருந்தாய். கையைத் தட்டிவிட்டார். சின்னவனே, உனக்கு அப்போது துணி முனையைச் சப்புகிற பழக்கம். துண்டின் ஒரு முனை உன் வாய்க்குள் இருந்தது.

அதைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை. கையுறை மாட்டிய கையால் உன் வாயிலிருந்து துணியை உருவினார். நீ வீறிட்டாய்.

"எந்த முனையில தொடைச்சீங்க?"

எனக்கு ஞாபகம் இல்லை.

"அண்ணே, பாட்டிலை எந்த முனையில தொடைச்சீங்க?"

"தெரியல தாயி. தெரியல."

துண்டை உதறித் தரையில் விரித்தார். பொரி வீடெல்லாம் சிதறியது. மண்டி போட்டு நாலு முனையையும் பார்த்தார். ஒரு ஓரத்தில் சந்தனக் கறை இருந்தது, பாட்டிலைத் துடைத்தது அந்த ஓரம்தான். சின்னவன் எச்சில் பட்டு நனைந்த முனை அதற்கு எதிர் ஓரம். அவர் ஒரு மூச்சு விட்டார். அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அது ஒரு நொடிதான். மறுபடி எழுந்து உங்கள் வாயையும் கையையும் தண்ணீர் விட்டு விட்டுக் கழுவினார். "மதினி, பால் இருக்கா?" என்று உங்கள் அம்மாவைக் கேட்டார். இருந்த பால் முழுவதையும் உங்கள் இருவருக்கும் புகட்டினார். பாலில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறதாம். ஒன்றும் பட்டிருக்காது, ஆனால் பட்டிருக்காது என்று தன்னால் சொல்லவும் முடியாது என்றார். துண்டையும் பொரியையும் பிளாஸ்டிக் பையில் அள்ளிக் கட்டினார். உங்களைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப் போகச் சொன்னார். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"கை காட்டுங்கண்ணே."

"ஒண்ணும் இல்ல மேடம்."

"கை."

நான் வலது கையைத் தொடைக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன். விரல் சிவக்கக்கூட இல்லை. நுனி மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஆனால் வலி வந்துவிட்டது. கதவிடுக்கில் விரல் மாட்டினால் உடனே கதவைத் திறந்துவிடுவோம். இது திறக்காத கதவு. கழுவினாலும் திறக்கவில்லை. குழாயடியில் என் கையைப் பிடித்துவைத்துக்கொண்டு, வண்டியிலிருந்து எடுத்துவந்த களிம்பை அவர் விரலில் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தேன். "பால் குடிச்சிருக்காங்கண்ணே. பார்த்துக்கிட்டே இருப்போம்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

ஆட்டோ வைத்து நம் எல்லோரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர் அவர்தான். பையில் நாலாக மடித்த தாள் ஒன்று எப்போதும் வைத்திருப்பார், எச்.எஃப். பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அச்சடித்தது. டாக்டர் அதை வாங்கி முழுவதும் படித்தார். உங்களை ராத்திரி வரை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். எனக்கு விரலில் ஊசி போட்டார்கள். நகத்தைக் கழற்றினார்கள். விரல் தப்பியது, மடங்குவதுதான் போயிற்று.

உங்கள் அம்மாவுக்குத் தெரிந்த பாதி இதுவரைதான்.

நாலாம் நாள் கட்டுப் போட்ட கையோடு லேபுக்குப் போனேன். ஓனர் சார் எங்கள் இரண்டு பேரையும் முன்னால் நிற்க வைத்தார். சத்தம் போடுகிறவர் இல்லை. அன்றும் மெதுவாகத்தான் கேட்டார். மாப்ள விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார்.

"அதைத் தொடக் கூடாதுன்னு இந்தப் பொண்ணு உங்ககிட்ட சொல்லுச்சா, சொல்லலையா?"

ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லுச்சு சார் என்று. எனக்கு வீட்டு வாடகை ஞாபகம் வந்தது. பெரியவளை அந்த வருச ஜூனில்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். இந்தக் கையோடு வேறு எவன் வேலை தருவான் என்று நினைத்தேன். பாட்டில் முன்னால் வந்ததைவிடப் பெரிய பயம் அன்றைக்கு அந்த மேசை முன்னால் எனக்கு வந்தது.

"ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. கையுறையைக் கன்னத்தில் வைத்து ஓட்டை தேடும்போது ஒரு முகம் வைப்பாரே, அந்த முகம். பிறகு ஓனர் சாரிடம், "பூட்டாமப் போனது நான்தான் சார்" என்றார். தொட வேண்டாம் என்று எங்களிடம் சொன்னதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கழுத்துக் கயிற்றைக் கழற்றிச் சாவியை மேசை மேல் வைத்தார்.

சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவர் வெளியே வரும்போது நான் வாசலில் நின்றேன். ஏதாவது திட்டிவிட்டுப் போனால் தேவலை என்று இருந்தது. என் முன்னால் நின்றார்.

"கை காட்டுங்கண்ணே."

நீட்டினேன். கட்டைப் பிரிக்காமல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். காந்துதா என்று கேட்டார். இல்லை என்றேன். பையிலிருந்து களிம்பு டியூபை எடுத்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

மூன்று வாரம் கழித்து எனக்குப் பொறுக்க முடியாமல் ஓனர் சாரிடம் போய், அந்தப் பிள்ளை காலையிலேயே சொல்லிச்சு சார், நான் தலையாட்டினேன் சார் என்று சொன்னேன். அந்தப் பொண்ணு கோயமுத்தூர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டது, இனிமேல் பேசி என்ன ஆகப் போகிறது என்றார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருக்கலாம். மேடத்தின் பழைய நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். போகவில்லை.

அவர் இடத்துக்குப் புதிதாக ஒரு தம்பி வந்திருந்தார். கெட்டிக்காரர், வேகமான கை. தனியாகவே உள்ளே போவார், தனியாகவே வருவார். என்னை எங்கேயும் நிற்கச் சொன்னதில்லை.

பெரியவளே, உன் மிஸ் கண்ணாடி போடச் சொன்னால் போடு. வலிக்கவில்லை என்பதால் ஒன்றும் படவில்லை என்று நினைக்காதே. பட்டது என்று சந்தேகம் வந்தால் ஓடிப் போய்த் தண்ணீரில் கையை வை, வைத்துக்கொண்டே சத்தமாகச் சொல். திட்டுவார்களோ என்று பார்க்காதே. சின்னவனே, உனக்கும் இதுதான். உங்கள் அப்பா இந்த இரண்டையுமே செய்யாதவன்.

ஓனர் சாரிடம் சொன்னதற்கு மறுநாள் நான் சீக்கிரமே லேபுக்குப் போனேன். யாரும் வந்திருக்கவில்லை. அந்த அறை வாசலில் போய் நின்றேன். மேடம் போன பிறகு குழாயை யாரும் திறக்கவில்லை. உப்புப் பூத்து இறுகிக் கிடந்தது. வலது கை உதவாது. இடது கையால் பிடித்துத் திருகினேன். அசையவில்லை. துண்டைச் சுற்றிப் பிடித்து மறுபடி திருகினேன். கிறீச்சென்று திறந்து, செம்மண் நிறத்தில் தண்ணீர் துப்பித் துப்பி வந்தது. அது தெளிகிற வரைக்கும் நான் குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை.